தேங்காயில் சொரசொர வடு: மருந்து எங்கே பட வேண்டும்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் 60 நெட்டைத் தென்னை மரங்கள் வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாகக் காய்கள் பழுப்பேறி, வெடித்து, பசை வடிந்து சிறுத்துப் போகின்றன. குரும்பையும் கொட்டுகிறது. பூச்சிமருந்து இரண்டு முறை அடித்தும் பலனில்லை. வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டச் சொல்கிறார் கடைக்காரர். கட்டலாமா? இந்தக் காயின் இளநீரைக் குடிக்கலாமா?

பதில்: கட்ட வேண்டாம். அது கொடிய நஞ்சு. இளநீர் வெட்டும் தோட்டத்தில் அதற்கு இடமே இல்லை. வேப்ப மருந்தை வைத்தே இதைச் சமாளிக்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஈரியோபைட் சிலந்திப்பேனுடையவை. இது பூச்சி அல்ல, உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான் நீளம். வெளிறிய புழு போன்ற உடம்பு, தலைப்பக்கம் நான்கு கால்கள்தான். இந்தியாவில் 1998இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் முதலில் தென்பட்டது. பிறகு காற்றோடு காற்றாகத் தென்னை இருக்கும் இடமெல்லாம் பரவிவிட்டது. ஒளிந்திருந்து தின்பது இந்தப் பேனின் குணம்.

தென்னையில் அது ஒளியும் இடம், காம்புப் பக்கம் காயை மூடியிருக்கும் தொப்பி. பூ கருவுறும்வரை தொப்பி இதழ்கள் இறுக்கமாக இருக்கும், உள்ளே நுழைய வழியில்லை. குரும்பை பருக்கத் தொடங்கியதும் இதழ் லேசாக இளகும். அந்த இடுக்கில் புகுந்து இளந்தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சி வரை பத்து நாளுக்குள் முடிந்துவிடுவதால் பெருக்கம் அதிவேகம். முதலில் தொப்பியின் ஓரத்தில் வெளிர் முக்கோணத் திட்டு தெரியும். காய் பெருக்கப் பெருக்க அதுவே பழுப்பு வடுவாகி வெடிக்கும். மூன்று மாதக் குரும்பை ஒன்றின் தொப்பியைப் பெயர்த்து, பத்து மடங்கு லென்சில் பாருங்கள். வெள்ளைத் தூள் தூவியதுபோல் இருந்து, அது நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் மருந்து தோற்றதும் இதனால்தான். மட்டையிலும் முற்றிய காயிலும் எவ்வளவு அடித்தாலும் தொப்பிக்குள் போகாது. தவிர, பூச்சிக்கொல்லிகள் பலவும் சிலந்திப்பேனைக் கொல்லாமல், அதைத் தின்னும் நல்ல சிலந்திப்பேன்களை மட்டும் கொன்று வைக்கும்.

மருந்து படவேண்டியது இரண்டு முதல் ஆறு மாதக் குலைகளில். கணக்கு எளிது: நல்ல மரம் ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும். புதிதாக வெடித்த பாளையை விட்டுவிடுங்கள். தேனீ வரும் இடம் அது. அதற்குக் கீழே இரண்டாவது குலையிலிருந்து ஆறாவது வரை, தொப்பியைச் சுற்றி நனையும்படி அடிக்கவேண்டும். தரையில் நின்று பீய்ச்சினால் வீண். ஆள் ஏறி, கைத்தெளிப்பானால் அடிக்கவேண்டும். மரத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஆகும்.

10 லிட்டர் கலவைக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், சலவை சோப்பு 50 கிராம். சோப்பைச் சீவி அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கரையுங்கள். எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் பால்போல் வரும். பூண்டை அரைத்து, 300 மில்லி நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். அதன்பிறகே மீதித் தண்ணீர். அன்றே அடித்து முடிக்கவேண்டும்.

நம் பக்கம் இங்கேதான் தவறு நடக்கும். பாலாற்றுப் பகுதியில் பல போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளது. அதில் சோப்பு திரிந்து, எண்ணெய் மேலே மிதக்கும். முதல் மரத்துக்கு வெறும் தண்ணீர், கடைசி மரத்துக்கு வெறும் எண்ணெய். சோப்பைக் கரைக்கவாவது மழைநீரோ குடிநீரோ எடுங்கள். அதுவும் இல்லையென்றால் டீப்பால் போன்ற திரவச் சோப்பு உதவும். வேலூர் வெயிலில் உச்சிப்பொழுதில் எண்ணெய் அடித்தால் குரும்பை கருகும். காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். ஜனவரி–பிப்ரவரி, ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என மூன்று தடவை. கடைசித் தடவைக்கு மழை விட்ட நாட்களாகப் பாருங்கள்.

ஏற ஆள் கிடைக்கவில்லையா? வேர்வழி கொடுக்கலாம். முதலில் முற்றிய காய்களை இறக்கிவிடுங்கள். மரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளித் தோண்டி, பென்சில் கனமுள்ள உயிர்வேர் ஒன்றைச் சாய்வாக வெட்டுங்கள். 5 சதவீத அசாடிராக்டின் (வேம்பிலிருந்து எடுக்கும் மருந்து) 7.5 மில்லியுடன் அதே அளவு தண்ணீர் கலந்து சிறு பாலிதீன் பையில் ஊற்றி, வேர்முனை அடிவரை முழுகும்படி கட்டி மண்ணை மூடுங்கள். மறுநாள் பாருங்கள். உறிஞ்சாமல் இருந்தால் அது செத்த வேர், வேறு வேர் தேடுங்கள். கட்டிய 45 நாளுக்குக் காயோ இளநீரோ இறக்கக்கூடாது.

உரமும் முக்கியம். பட்டினி மரத்தில் சேதம் கூடுதலாகத் தெரியும். வருடத்துக்கு மரம் ஒன்றுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, இரண்டு தவணையாக. பொட்டாஷில் கை குறையவே கூடாது. கூடவே தொழுவுரம் 50 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, போராக்ஸ் 50 கிராம். கோடையில் வட்டப்பாத்தியில் மட்டை மூடாக்கு, விடாமல் தண்ணீர். உதிர்ந்த குரும்பையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். உதிர்வு முழுவதையும் இந்தப் பேன்மேல் போடவேண்டாம். தென்னை தன் பெண்பூக்களில் பாதிக்கு மேல் தானாகவே உதிர்க்கும்.

ஒருமுறை விழுந்த வடு மறையாது. அடுத்த வெட்டில் இறங்கும் காயைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தெளிப்புக்குப் பிறகு பருத்த குரும்பையை, நாலைந்து மாதம் கழித்துப் பாருங்கள். கண்டறிவதில் குழப்பம் இருந்தால் ஒரு குலையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லலாம்.

இளநீர்: வேரில் மருந்து கட்டிய 45 நாள் போக, தாராளமாகக் குடிக்கலாம். பேன் தோலோடு நின்றுவிடும், ஓட்டுக்குள் போகாது. காய் சிறுத்துத் தண்ணீர் குறைவாக இருக்கும், மட்டை உரிப்பது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.