சுவரில் இருந்த போட்டோ

அன்புள்ள ஐயா,

எழுத வருவதற்கு முன்பு பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்ததாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 29 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கையில் 14 லட்சம் சேர்ந்திருக்கிறது. அவிநாசி பக்கம் ஒரு லே-அவுட்டில் 3 சென்ட் மனை 12 லட்சத்துக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய மச்சான் பவரில், அதாவது அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை வைத்து, கையெழுத்துப் போடுவார் என்கிறார்கள். மனையைக் காட்டிய நண்பரே, “நீயும் எங்களோடு ஏஜெண்டாகச் சேர்ந்துவிடு, 2 சதவீதம் கமிஷன்” என்று கூப்பிடுகிறார். வாங்கலாமா? சேரலாமா? இந்தச் சனிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

நான் பத்திர எழுத்தரிடம் இருந்தது ஒன்பது வருடம். கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிரே வேப்பமரம், அதன் கீழே எங்கள் பெஞ்ச். அங்கே உட்கார்ந்து கற்றுக்கொண்டதில் பாதி, வயதான ஒரு புரோக்கரிடமிருந்து வந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் வீட்டோடு சேர்ந்த 11 சென்ட் இடம் ஒன்று கிரயத்துக்கு வந்தது. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர், மூவரும் கையெழுத்துப் போடத் தயார். முப்பது வருட வில்லங்கம் சுத்தம். வாரிசுச் சான்றிலும் மூன்றே பெயர். தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தை, வாங்கிவர அந்த வீட்டுக்கு நானும் புரோக்கரும் போனோம். காபி வந்தது. அவர் காபியைக் குடிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய குடும்ப போட்டோ, அம்மா அப்பாவுக்கு முன்னால் நான்கு குழந்தைகள்.

“இந்தப் புள்ள யாருங்க?”

“அது எங்க அம்மிணிங்க. தாராபுரத்துல கட்டிக் குடுத்தாச்சு. நகையெல்லாம் அப்பவே போட்டாச்சுங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நகை போட்டதால் அந்தப் பங்கு போய்விடாது. கிரயம் நின்றது. ஏழு மாதம் கழித்துத் தங்கை வந்தார், தன் பங்குக்கான பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அண்ணன்மார்கள் புரோக்கருக்குப் பாதிக் கமிஷன்தான் கொடுத்தார்கள். “காரியத்தைக் கெடுத்ததே நீங்கதானுங்களே!” என்றார் மூத்தவர். இவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் இருப்பது இந்த போட்டோதான். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். போட வேண்டியவர்களில் யார் வரவில்லை என்று நீங்கள் தேடுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். பதியாத உயில், வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்ட பாகம், கோர்ட்டில் கிடக்கும் வழக்கு எல்லாம் வர வேண்டும் என்பதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். பார்த்துவிட்டு, அதில் இல்லாததை ஊருக்குள் போய் விசாரியுங்கள். அடுத்த மனைக்காரர், டீக்கடைக்காரர், வி.ஏ.ஓ. ஆபீஸ் உதவியாளர், இவர்களுக்குத் தெரியாத குடும்ப விவகாரம் இருக்காது.

இனி உங்கள் 14 லட்சத்துக்கு வருகிறேன். மனை 12 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துத் தமிழ்நாட்டில் இப்போது 9 சதவீதம். பதிவுக்காக அரசு குறித்துவைத்த வழிகாட்டி மதிப்பு, வாங்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. 12 லட்சத்துக்கே போட்டாலும் 1,08,000 ரூபாய். கமிஷன் 24,000. பத்திரம் எழுத, பட்டா மாற்ற என்று சில்லறையாகப் போவதைச் சேர்க்காமலே 13.32 லட்சம். இதே பணத்தை 7 சதவீத டெபாசிட்டில் ஐந்து வருடம் போட்டால் ஏறக்குறைய 18.7 லட்சம் ஆகும். விற்கும்போதும் 2 சதவீதம் கமிஷன் உண்டு. ஆக ஐந்து வருடம் கழித்து இந்த மனை 19 லட்சத்துக்குப் போனால்தான் உங்களுக்கு டெபாசிட்டுக்குச் சமம். வருமான வரிக் கணக்கு தனி. “அஞ்சு வருஷத்துல டபுளுங்க” என்று நண்பர் சொல்லியிருப்பார். போன வருடம் அதே லே-அவுட்டில் நிஜமாகவே கைமாறிய இரண்டு மனைகளைக் காட்டச் சொல்லுங்கள். சொல்லும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு ஊரே இருக்கும். எப்படியும் மிச்சம் 68,000-தான். அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் என்றால் மனையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டிவரும். இருப்பது முழுவதையும் மண்ணில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

“புது ரோடு வருது, தண்ணி வருது” என்பார்கள். வரும்தான், எப்போது என்பதுதான் கேள்வி. குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அது வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கிவைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அதற்கு இருபது வருடம் முன்பே காடு தோட்டம் விற்றவர்களை எனக்குத் தெரியும்.

சைட்டுக்கு உச்சி வெயிலில் கார் ஏசியில் போகாதீர்கள், அப்படித்தான் கூட்டிப்போவார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் பைக்கில் தனியாகப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். புல வரைபடத்தில் (அரசு நில அளவைப் படம்) ஓடையோ வண்டிப்பாதையோ இருந்தால், மேலே மண்ணைக் கொட்டி மூடியிருந்தாலும் தண்ணீர் வழியை மறக்காது. அண்ணாந்தும் பாருங்கள், உயர் அழுத்த மின்கம்பி போகிறதா என்று. பக்கத்து வீட்டில் போர்வெல் எத்தனை அடி என்று கேளுங்கள். செக்குபந்தியில், அதாவது பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில், “வடக்கே 20 அடி ரோடு” என்று எழுதியிருந்தால் டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், கொடுப்பது உங்கள் பணம்.

“பஞ்சாயத்து அப்ரூவ்டு” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். லே-அவுட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். அடுத்தவர் பத்திரத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவன், எனக்கென்று ஒரு மனை வாங்கும்போது விலையைத்தான் பார்த்தேன். அங்கீகாரம் இல்லாத லே-அவுட். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதியத் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த இடம், கட்டின மாடு மாதிரி அப்படியே நின்றது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து, பணம் கட்டி, அலைந்து சரிசெய்தேன். அதற்குள் கல்யாணம் கடன் வாங்கி முடிந்திருந்தது. விற்ற புண்ணியவானிடம் கேட்டதற்கு, “பத்திரம் எழுதற ஆளு நீங்களே பாக்கலையா?” என்றார். என்ன பதில் சொல்வது?

ஏஜெண்ட் வேலை பற்றி: சேருங்கள், ஆனால் வேலையை இப்போதே விடாதீர்கள். முதல் வருடம் மூன்று கிரயம் முடிந்தால் பெரிய விஷயம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைத் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டும் தன் பெயரில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விற்றால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் போகலாம். உங்கள் நண்பரின் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஓனருக்கு ஒரு விலை, வாங்கும் பார்ட்டிக்கு ஒரு விலை சொல்லி வித்தியாசத்தை நடுவில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இரண்டு பேரும் பத்திர ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். என் கண் முன்னாலேயே இரண்டு முறை வந்தது, ஒருமுறை செருப்பும் பறந்தது. நான் சொன்ன பெரியவர் கடைசிவரை சைக்கிளில்தான் வந்தார். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தை எங்கள் ஊரில் யாரும் வாங்கவில்லை.

அப்புறம் உங்கள் சனிக்கிழமை. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அதோடு அந்தப் பவரும் செத்துவிடும். அவர் ரத்து செய்துவிட்டாலும் செல்லாது. வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதா, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். மனையை விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக இருக்கிறதா, மேற்பார்வை பார்க்க மட்டும்தானா என்பதை வரிவரியாகப் படியுங்கள். டோக்கன் 20,000 ரூபாயை எட்டினால் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது, வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. பணம் நேரே சொந்தக்காரர் கணக்குக்குப் போகட்டும், மச்சான் கணக்குக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சிங்கப்பூர்க்காரரிடம் வீடியோவில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். “அவரு பிஸிங்க, நாளைக்கு நாள் வேற நல்லாயிருக்கு, இன்னொரு பார்ட்டியும் ரெடியா இருக்காங்க” என்று சொன்னால் அந்த இன்னொரு பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பேசிவிட்டால், வாங்கும்போது பிரம்மச்சாரியாக வாங்கினாரா, வீட்டில் யார் பணம் போட்டார்கள், வேறு பங்காளி உண்டா என்று பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.