அச்சுக்கட்டைத் துணி: கேள்வி-பதில்

கே: புதுக் கலம்காரிப் புடவையில் பால் வாடை அடிக்கிறது. கெட்டுப்போன சரக்கா?

இல்லை. ஆந்திராவில் பெடனா பக்கம் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து முக்கிக் காயவைத்துத்தான் அச்சுக்கு எடுப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பால்தான் சாயம் கோடு தாண்டிக் கசியாமல் நிற்கிறது. நாலைந்து அலசலில் வாடை போய்விடும். நிழலில் காயவையுங்கள்.

கே: படிகாரக் கரைசலில் அச்சு வைத்தேன், சிவப்பு வரவே இல்லை.

எங்கிருந்து வரும்? படிகாரத்துக்கு ஏது நிறம், அது சாயத்தைப் பிடித்து வைக்கத்தான். மஞ்சிட்டி வேரோ அலிசரின் சாயமோ போட்டு வேகவைத்தால்தான் அச்சுப் பட்ட இடம் சிவக்கும். வேகவைத்தீர்களா, என்ன துணி, எதையும் எழுதவில்லை. பாலியெஸ்டர் என்றால் விட்டுவிடுங்கள்.

கே: அவுரி (இண்டிகோ) சாயத் தொட்டியிலிருந்து எடுத்த துணி பச்சையாக இருக்கிறதே?

காற்றில் பிடியுங்கள், நீலமாகும்.

கே: 600 ரூபாய்க்கு அஜ்ரக் என்கிற கட்டை அச்சுத் துப்பட்டா வாங்கினேன். எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருப்பதால் கை அச்சு இல்லை என்கிறாள் தோழி.

தோழி சொன்ன காரணம் தப்பு. ஒரே கட்டைதானே திரும்பத் திரும்ப விழுகிறது, உருவம் எப்படி மாறும்? கட்டையில் ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்த உடைசல் ஒவ்வொரு பதிவிலும் வரும். மாறுவது சாயத்தின் கனம்தான்: ஒரு பதிவு அடர்த்தியாக விழும், அடுத்ததில் ஓரம் வெளிறி நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கட்டைகள் சேரும் இடத்தில் கோடு மயிரிழை விலகும், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்; பார்டர் மூலையில் திரும்புகிற இடத்தைப் பார்த்தால் தெரியும். துணியைத் திருப்பிப் பார், பின்பக்கம் சாயம் இறங்கியிருந்தால் கை அச்சு என்பார்கள், நம்பாதீர்கள், மெல்லிய மல் துணியில் ஸ்கிரீன் பிரிண்டும் பின்பக்கம் இறங்கும். இப்போது டிஜிட்டலில் அந்த விலகலையும் சேர்த்தே அடிக்கிறார்கள், ஆனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் அதே விலகல் அச்சு அசலாகத் திரும்ப வரும், மாட்டிக்கொள்வார்கள். ஸ்கிரீன் பிரிண்டோடு எனக்குச் சண்டை இல்லை. அதில் ‘ஹேண்ட் பிளாக்’ என்று சீட்டு ஒட்டி விற்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். குஜராத்தில் இந்த அச்சு நடக்கிற அஜ்ரக்பூரில் அலசல், கடுக்காய், சாயம் தடுக்கும் பசை, கருப்பு, சிவப்பு, அவுரி என்று ஒரு துணி சுமார் 15 கட்டம் தாண்டி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். 600 ரூபாய்க்குள் அது அடங்காது.

கே: ராஜஸ்தான் பக்ரூ ஊர்த் தாபு துணியில் நீலத்துக்குள் வெடிப்புக் கோடுகள். மாற்றித் தருவார்களா?

எதற்கு மாற்ற வேண்டும்? தாபு என்பதே களிமண், சுண்ணாம்பு, பிசின் குழைத்து, சாயம் ஏறாமல் தடுக்க வைக்கிற பூச்சு. காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பில் சாயம் இறங்கும். காசு கொடுத்ததே அந்தக் கோட்டுக்குத்தான். அப்புறம், நிழலில் காயவையுங்கள், இதற்கும் அதேதான்.