நகையை அடகு வைத்து நெட்வொர்க்கிங் படிக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பி.எஸ்சி. கணிதம் முடித்தான். நெட்வொர்க்கிங் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புத் தொழில்நுட்பம்) படித்து ஐ.டி. வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாத வகுப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறது, ஜிஎஸ்டி தனி. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். வட்டியில்லாத் தவணையும் உண்டாம். இடம் பிடித்துவைக்க 2,000 ரூபாய் கட்டிவிட்டோம். கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். நான் தையல் வேலை செய்கிறேன். கையில் நான்கு பவுன் சங்கிலியும், அடுத்த ஆண்டு முதிர்கிற அஞ்சலக ஆர்.டி.யில் 50,000 ரூபாயும் இருக்கின்றன. மகனிடம் மடிக்கணினி இருக்கிறது. சங்கிலியை அடகு வைக்கலாமா, தவணையில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மகன் தேர்ந்தெடுத்த துறை நல்ல துறை, தயங்காமல் படிக்கட்டும். ஆனால் அதன் அடிப்படையைக் கற்கக் கடன் தேவையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 85,000 ரூபாயுடன் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,00,300 ரூபாய். சென்னையில் ஆறு மாதம் தங்கிச் சாப்பிடும் செலவு தனி. சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏவுக்குத் தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு 30,000 ரூபாயைத் தாண்டும். அந்தத் தொகை வகுப்புக் கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அடங்காது.

‘வட்டியில்லாத் தவணை’ என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இத்தகைய ஏற்பாடுகளில் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் மகன் பெயரில் கடன் கொடுக்கும். பணம் பயிற்சி நிலையத்துக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் இரண்டாம் மாதமே அவன் நின்றாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால், முதல் சம்பளம் வாங்கும் முன்பே அவனுடைய சிபில் மதிப்பெண் சரிந்துவிடும். கடன் என்றால் மொத்தச் செலவையும் காட்டும் விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேளுங்கள், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று தெரியும்.

சரி, எப்படிப் படிப்பது? சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமி இணையதளத்தில் அடிப்படைப் பாடம் இலவசம். ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகள் எதையும் வாங்காமல் கணினித் திரையிலேயே இணைத்துப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருளும் இலவசம். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் கணினி வலையமைப்புப் பாடங்கள் இருக்கின்றன; பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதம், தினமும் மூன்று மணி நேரம் அவன் உட்காரட்டும்.

அதன் பிறகு அவனிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். 192.168.10.0/24 என்ற வலையமைப்பை நான்கு சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம்? (விடை 62. ஒவ்வொரு பங்கிலும் 64 முகவரிகள்; முதலும் கடைசியும் கருவிகளுக்குக் கிடையாது.) அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினி மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால் என்ன பொருள்? முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையகத்திடமிருந்து பதில் வராததால், கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அப்போது கேபிளில் தொடங்கி எதை எந்த வரிசையில் சோதிப்பான் என்று அவன் தடுமாறாமல் சொன்னால், தொடக்கநிலை வேலைக்கான நேர்காணலுக்குப் போகலாம். கணிதம் படித்த பையனுக்கு முதல் கேள்வி எளிதாகவே வரும்.

செலவு செய்துதான் ஆக வேண்டுமென்றால், சில மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிள், அதன் நுனியில் மாட்டும் ஆர்ஜே-45 முனைகள் கொஞ்சம், அவற்றை அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் கருவி, கேபிள் டெஸ்டர் வாங்கிக் கொடுங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆகும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் கோத்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும்வரை பழகட்டும்.

முதல் வேலை அலுவலகக் கணினிகளின் கோளாறுகளைச் சரிசெய்யும் டெஸ்க்டாப் சப்போர்ட்டாகவோ, இரவுப் பணியுள்ள வலையமைப்புக் கண்காணிப்பு மைய வேலையாகவோ இருக்கலாம். சம்பளம் குறைவுதான், போகட்டும். சிசிஎன்ஏ தேர்வை அந்தச் சம்பளத்திலிருந்து எழுதுவதே நல்லது. சான்றிதழ் மூன்று ஆண்டுகள்தான் செல்லும். வேலை தேடும் முன்பே வாங்கிவைத்தால் காலம் வீணாக ஓடும்.

உங்கள் ஆர்.டி.க்கு உண்மையான வேலை அப்போதுதான் வருகிறது. வேலை கிடைத்து நகரத்துக்குப் போகும் பையனுக்கு விடுதி முன்பணம், சாப்பாடு, முதல் சம்பளம் வரும்வரை பஸ் செலவு எல்லாம் வேண்டும். வேலையே கைக்கு வந்தும் இதற்குப் பணமில்லாமல் திரும்பிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்காக அந்த 50,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். முதிர்வுக்கு முன்பே தேவைப்பட்டால் கணக்கை மூட வேண்டாம். மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். ஓராண்டு கடந்த, 12 தவணை கட்டிய ஆர்.டி.யின் மீது பாதித் தொகைவரை அஞ்சலகமே கடன் தரும், ஆர்.டி. வட்டியைவிட 2% தான் அதிகம்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஆசிரியர் அருகில் இருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றினால், மதுரையிலோ திருநெல்வேலியிலோ மாதா மாதம் கட்டணம் வாங்கும் வகுப்பாகப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

கட்டிய 2,000 ரூபாயை எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீதையும் நோட்டீஸையும் பத்திரப்படுத்துங்கள். பயிற்சி நிலையங்கள் வேலை உத்தரவாதம் போன்ற பொய் உறுதிகளைத் தரக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள்.