வாசகர் கேள்வி – பதில்: ஏறி ஓட்டும் குட்டி ரயில்

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு நீராவி எஞ்சின், பூங்காவில் பத்துப் பேரை இழுத்துச் செல்வதைப் பார்த்தேன். அது உண்மையிலேயே நிலக்கரியில் ஓடுவதா, அல்லது உள்ளே மோட்டாரை ஒளித்துவைத்துப் புகை மட்டும் விடுகிறார்களா?
– வாசகர், மதுரை

பதில்: மோட்டார் வைத்தவையும் உண்டு. ஆனால் கரிப்புகை வாசனையும், ஓட்டுநர் அடிக்கடி குனிந்து சிறு கரண்டியால் கரி போடுவதும் தென்பட்டிருந்தால், நீங்கள் பார்த்தது அசல் நீராவி எஞ்சின்தான். பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்குக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. இவ்வளவு சிறிய எஞ்சினில் கரியை எரித்து ஆளை இழுக்க முடியுமா என்ற சந்தேகம் அங்கேயும் ஒரு காலத்தில் இருந்தது. 1924-இல் லண்டனில் நடந்த போட்டியில், தண்டவாளங்களுக்கு இடையே 2½ அங்குலமே கொண்ட பாதையில், ‘அயீஷா’ என்ற கரி எஞ்சின் வளர்ந்த ஆளையே இழுத்துக் காட்டிய பிறகு அந்த விவாதம் ஏறக்குறைய ஓய்ந்துபோயிற்று.

இன்று அங்கே பரவலாக உள்ள அகலங்கள் 3½, 5, 7¼ அங்குலங்கள். அமெரிக்காவின் வடகிழக்கிலும் 7¼ உண்டு, ஆனால் அந்நாட்டின் மற்றப் பெரும்பகுதியில் 7½. கால் அங்குல வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கால் அங்குலத்தால் ஒரு பகுதியின் எஞ்சின் மறு பகுதியின் பாதையில் ஓட முடிவதில்லை. ஓரிகனில் உள்ள ‘டிரெயின் மவுண்டன்’ என்ற இடத்தில் இந்த 7½ அங்குலப் பாதையை மட்டும் 30 மைலுக்கு மேல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஊட்டி மலை ரயில் எஞ்சினை 5 அங்குலப் பாதைக்கு ஏற்பச் செய்ய ஆசை. பாய்லரையும் நானே செய்துகொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊட்டிப் பாதை மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர்), 5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். ஆகவே உங்கள் எஞ்சின் அசலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக அமையும். கணக்கு அழகாகத்தான் வருகிறது. ஆனால் அந்த எஞ்சினில் சக்கரங்களுக்கு இரண்டு, பற்சட்டத்தைப் பற்றி ஏறும் பற்சக்கரங்களுக்கு இரண்டு என நான்கு சிலிண்டர்கள் இருக்கின்றன. முதல் முயற்சிக்கு அதை எடுத்தால் பாதியில் துணி போட்டு மூடிவைக்கும்படி ஆகிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான்கு சக்கரமும் வெளிப்புறம் இரண்டு சிலிண்டரும் கொண்ட சாதாரண ஷண்டிங் எஞ்சினில் (நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றும் வகை) தொடங்குங்கள்.

பாய்லருக்கு வருவோம். எஞ்சினின் மற்ற உறுப்புகளில் தவறு நேர்ந்தால் பொருள்தான் வீணாகும். பாய்லரில் நேர்ந்தால் ஆளுக்கே ஆபத்து. எட்டில் ஒரு பங்காக எஞ்சினைச் சுருக்கினால் கரி எரியும் தட்டின் பரப்பு 64-இல் ஒன்றாகவும் கொள்ளளவு 512-இல் ஒன்றாகவும் குறைகின்றன. ஆனால் அழுத்தம் அந்தக் கணக்கில் குறைவதில்லை. சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு வரை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். கார் டயரில் இருப்பது 30 பவுண்டை ஒட்டித்தான். 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ளேயிருக்கும் நீரின் வெப்பம் ஏறக்குறைய 162 டிகிரி செல்சியஸ். ரேடியோ பழுதுபார்க்கப் பயன்படுத்தும் ஈயப்பற்று உருகுவதோ 183 டிகிரியில். அந்தப் பற்றை நம்பிப் பாய்லரின் இணைப்புகளைப் போடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

ஆகவே சிறு பாய்லர்களைப் பெரும்பாலும் செப்புத் தகட்டில் செய்து, 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றால் இணைக்கிறார்கள். செம்பு வெப்பத்தை நன்கு கடத்தும், துருப்பிடிக்காது. ஆனால் நீங்கள் பற்றவைக்கும்போது அதே குணம் எதிரியாகிவிடும்: ஓர் இடத்தைச் சூடாக்கினால் தகடு முழுவதும் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும், எனவே ஒரு சிறு பர்னர் போதாது. பழைய வெள்ளிப்பற்றுக் கம்பிகளில் காட்மியம் கலந்திருக்கும்; அதன் புகை நஞ்சு என்பதால், காட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கரி எரியும் நெருப்புப் பெட்டியின் தட்டையான பக்கங்கள் அழுத்தத்தில் உப்பிவிடாதபடி, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் வரிசையாகப் பிணைக்கும் ஸ்டே கம்பிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

முடித்தவுடன் நெருப்பு மூட்டிவிடாதீர்கள். பிரிட்டனின் குட்டி ரயில் சங்கங்களில், புதுப் பாய்லருக்குள் காற்றே இல்லாதபடி குளிர்ந்த நீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை பம்பால் ஏற்றிப் பார்க்கிறார்கள். பின்னாளில் செய்யும் மறுசோதனைகளுக்கு ஒன்றரை மடங்கு. நீர் ஏறக்குறைய அமுங்காத பொருள் என்பதால், இணைப்பு விட்டுப்போனாலும் சில துளி கசிந்து அழுத்தம் இறங்கிவிடும், வெடிக்காது. காற்றையோ நீராவியையோ கொண்டு இந்தச் சோதனையைச் செய்வது வெடிகுண்டைத் தட்டிப் பார்ப்பதற்குச் சமம். உங்கள் கைத்திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் வரைபடத்தையும் முடித்த பாய்லரையும் கொதிகலன் அறிந்த இன்னொருவர் பார்த்தாக வேண்டும். செய்தவரே சோதித்தவராகவும் இருக்கக் கூடாது.

கேள்வி: மெல்போர்னில் ஒரு சங்கத்தில் சேர்ந்து ஓட்டப் பழகுகிறேன். பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் நீர் தெரிந்தும், ‘சரியாகப் பார்’ என்று பயிற்சியாளர் கடிந்துகொண்டார். கண்ணாடி பொய் சொல்லுமா?
– வாசகர், ஆஸ்திரேலியா

பதில்: சொல்லும். குழாய் குறுகக் குறுக, நீர் தன் ஒட்டும் தன்மையால் கண்ணாடிச் சுவரைப் பற்றி மேலேறி நிற்கும். அசல் எஞ்சினின் பெரிய குழாயில் பொருட்படுத்தத் தேவையில்லாத அந்த ஏற்றம், பென்சிலைவிட மெல்லிய உங்கள் குழாயில் ஏமாற்றும் அளவுக்கு வந்துவிடும். குமிழி ஒன்று நடுவில் சிக்கினாலும் இதே கதைதான். அதனால்தான் கீழ்க் குழாயின் திறப்பைச் சற்றே திறந்து, நீர் வெளியேறிப் பின் துள்ளிக்கொண்டு பழைய மட்டத்துக்கு வருகிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். சோம்பலாக மெதுவாக ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். சிறு பாய்லரில் நீர் நிமிடங்களில் இறங்கிவிடும்; நெருப்புப் பெட்டியின் கூரை நீருக்கு வெளியே தெரிந்தால் செம்பு வலுவிழக்கும். இன்ஜெக்டர் (நீராவியின் விசையாலேயே நீரை உள்ளே தள்ளும் கருவி), கைபம்பு என நீரேற்ற இரண்டு வழிகள் இருந்தாக வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதற்காகத்தான். உங்கள் பயிற்சியாளர் நல்லவர்.

கேள்வி: வால்ட் டிஸ்னி வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டினார் என்பது உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்மை. லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டைச் சுற்றி 7¼ அங்குலப் பாதையில் ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு, 1950-இல் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. எஞ்சினுக்கு மனைவி லில்லியனின் பெயரையொட்டி ‘லில்லி பெல்’ என்று பெயர். மனைவியின் பூப்பாத்தி கெடாமலிருக்க அதன் அடியில் சுரங்கப்பாதை தோண்டினார் என்பதிலிருந்து வீட்டு அரசியலையும் ஊகித்துக்கொள்ளலாம். 1953-இல் விருந்தினர் ஒருவர் ஓட்டியபோது எஞ்சின் தடம் புரண்டது. வெளியேறிய நீராவி பட்டு ஒரு சிறுமி காயமடைந்தாள். அதோடு தோட்ட ரயிலை அவர் நிறுத்திவிட்டார்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் 60 அடிக்கு 40 அடி இடம் காலியாக இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வட்டப்பாதை போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: 40 அடி அகலத்தில் வட்டம் போட்டால் ஆரம் 20 அடியைத் தாண்டாது. 5 அங்குலப் பாதையில் சிறிய நான்கு சக்கர எஞ்சின் அதில் மெதுவாகத் திரும்பலாம். நீண்ட எஞ்சினுக்கு 30, 40 அடி ஆரமாவது வேண்டும். நீராவியை இப்போதைக்கு மறந்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டில் ஓடும் மின் எஞ்சினைச் செய்யுங்கள். அதிலும் எஞ்சினுக்கு முன்பே, பிரேக் உள்ள ஒரு பயணப்பெட்டியை முதலில் செய்துவிடுங்கள். அதைக் கையால் தள்ளிப் பாதை முழுவதும் சுற்றிப் பார்த்தால், எந்த இணைப்பில் சக்கரம் தூக்குகிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன், உங்கள் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை வைத்து நாலைந்து சுற்று ஓட்டுங்கள். குதிரையேறுவதுபோல இருபுறமும் கால் போட்டு அமரும் வண்டியில் கால் வைக்கப் பலகை கட்டாயம் இருக்கட்டும். தொங்கும் பிஞ்சுக்கால்தான் முதலில் அடிபடும்.