கேட் போடலாமா, வழி விடலாமா? கோஹவுசிங் குடியிருப்பு கேள்வி-பதில்

அவரவருக்குத் தனி வீடு, எல்லோருக்கும் சேர்த்து கூடமும் விருந்தினர் அறையும் உள்ள ஒரு பொது வீடு என்று சேர்ந்து வாழும் கோஹவுசிங் குடியிருப்பு எங்களுடையது. அதன் நடுவே போகும் நடைபாதையை அக்கம்பக்கத்தார் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகிறார்கள். பாதிப்பேர் கேட் போடச் சொல்கிறார்கள், மீதிப்பேர் கூடவே கூடாது என்கிறார்கள். எப்படி முடிவெடுப்பது?

கேட் பேச்சை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்குள், வெளியாள் போல அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் ‘இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்’ என்று தோன்றுகிறது? பல குடியிருப்புகளில் அப்படி ஓர் இடமே இருக்காது. தெருவில் போட்ட அதே தளம் வாசற்படி வரை வரும். வருகிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் ஜன்னலை உரசிக்கொண்டு போகிறார்.

கோஹவுசிங் டென்மார்க்கில்தான் தொடங்கியது. அங்கே முதல் குடியிருப்பான சாட்டெடாமனில் 1972இல் ஆட்கள் குடியேறினார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் கட்டப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு இது: வண்டிகள் ஓரமாக நிற்கும், நடுவில் நடைபாதை, அதைப் பார்த்தபடி சமையலறை ஜன்னல்கள். படுக்கையறையும் சொந்தத் தோட்டமும் பின்பக்கம். பாத்திரம் கழுவுகிறவர் நிமிர்ந்தால் பாதை தெரியும், படுத்திருப்பவரைப் பாதையிலிருந்து பார்க்க முடியாது. பாதைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு திண்ணையோ, முழங்கால் உயரச் செடி வரிசையோ இருக்கும். ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் இருந்தாலே போதும்.

உங்கள் பாதையில் இதில் எது இல்லை என்று பாருங்கள். நுழைவிடத்தில் தளத்தை மாற்றுங்கள், பாதையைச் சற்றுக் குறுக்குங்கள், இரு பக்கமும் செடி வையுங்கள். பெஞ்சைக் குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் தொல்லை இருந்தால், இரவில் மட்டும் பூட்டும் கேட்டைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று, இது சட்டம் சம்பந்தப்பட்டது. பல நாடுகளில், நெடுங்காலம் தடையில்லாமல் நடந்த பாதை பொதுமக்களின் உரிமையாகவே ஆகிவிடக்கூடும். இங்கிலாந்தில் 20 ஆண்டு என்று 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. பாதையைப் பொதுவழியாக விட்டுக்கொடுக்கும் எண்ணம் நில உரிமையாளருக்கு இல்லை என்று காட்டினால்தான் விலக்கு. ‘எங்கள் அனுமதியோடு நடக்கலாம், இது பொதுவழி அல்ல’ என்று எழுதிய ஒரு பலகை அங்கே நல்ல சான்று. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் வளாகத்தில் இருக்கும் தனியார் தெருவை ஆண்டுக்கு ஒரு நாள் மூடி வைத்து வந்ததும் இந்தக் கணக்கில்தான். பலகையில் என்ன எழுதுவது என்பதை உங்கள் ஊர் வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இரண்டு சைக்கிள் திருடு போனது. உடனே எட்டு கேமரா வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர்.

சைக்கிள் போனது எங்கிருந்து? கொட்டகையிலிருந்து என்றால் முதலில் கொட்டகைக்குக் கதவும், சைக்கிளைப் பூட்டத் தரையில் பதித்த இரும்பு வளையமும், ஆள் வந்தால் எரியும் விளக்கும் வையுங்கள். கேமரா வேண்டுமென்றால் அங்கே ஒன்று. நடைபாதையிலும் பொது வீட்டு வாசலிலும் வேண்டாம். யார் வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று காட்டும் கேமரா, திருடனைப் பிடிக்கிறதோ இல்லையோ, குடியிருப்பில் புறம் பேச நிச்சயம் உதவும்.

வெளிப் பாதையும் கேமராவின் பார்வையில் விழுந்தால் விஷயம் வேறு. வீட்டுக் கேமரா பொது இடத்தையும் தொடர்ந்து பதிவு செய்தால், அதை முழுக்க வீட்டு உபயோகம் என்று சொல்ல முடியாது, தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் கேமரா வைத்தவர் வீட்டு ஜன்னல்கள் உண்மையிலேயே உடைக்கப்பட்டிருந்தன, அப்படியும் இதுதான் தீர்ப்பு. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: எதைப் படம் பிடிக்கிறது, எத்தனை நாளில் அழியும், பார்க்கும் அனுமதி எந்த இருவருக்கு, எப்போது கழற்றுவோம். நான்காவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பொது வீட்டை யோகா வகுப்புக்கும் வெளிக் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடுகிறோம். கதவைத் திறக்க அழுத்தும் ரகசிய எண் இப்போது ஊருக்கே தெரியும்.

எல்லோருக்கும் ஒரே எண் இருந்தால் அது கசியத்தான் செய்யும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி எண் கொடுங்கள். வகுப்பு முடிந்த அன்றே அது செல்லாமல் போகட்டும். ஆனால் உங்கள் சிக்கல் பூட்டில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். கூடத்துக்கு வருகிறவர் கழிப்பறைக்குப் போக உங்கள் துணி துவைக்கும் அறையையும் விருந்தினர் அறையையும் கடந்து போகிறாரா? அப்படியென்றால் நடுவில் ஒரு கதவு வையுங்கள். கூடமும் கழிப்பறையும் ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம்.

அப்புறம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் குடியிருப்பவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஆரம்பத்தில் வந்து கதவைத் திறந்து, கடைசியில் விளக்கணைத்தால் போதும். ஆள் கிடைக்காத வாரத்தில் வாடகை வேண்டாம். வெளியார் யாராவது விழுந்து அடிபட்டால் காப்பீடு செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் தெரியாதவர் நின்றால் போய்க் கேட்போம் என்று முடிவு செய்திருந்தோம். போன மாதம் ஓர் உறுப்பினரின் தம்பியை மூன்று பேர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். குடும்பமே கோபத்தில் இருக்கிறது.

கோபம் நியாயமானதுதான். தெரியாதவர்கள் என்று நாம் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் இல்லாதவர்கள். நிறம், உடை, வயது, பேச்சு என்று அதற்குப் பல காரணங்கள். அந்தத் தம்பியைக் கேட்ட மூவரும் அதே வாரம் வந்த வேறு எத்தனை வெளியாட்களைக் கேட்டார்கள்?

கேட்பதை நிறுத்த வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றுங்கள். ‘நீங்கள் யார், இங்கே என்ன வேலை?’ என்பது போலீஸ் கேள்வி. ‘வணக்கம், யாரையாவது தேடுகிறீர்களா? நான் அந்த மூன்றாவது வீடு’ என்றால் முதலில் உங்களைத்தான் சொல்கிறீர்கள். உறவினர் சிரித்துப் பதில் சொல்வார், நோட்டம் பார்க்க வந்தவர் தன்னைக் கவனித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு நகர்வார். ஒருவர் கேட்டாயிற்று என்றால் மற்ற இருவர் விலகிப் போக வேண்டும். எதைக் கண்டால் கேட்பது என்பதையும் பேசி வையுங்கள். கதவுப் பிடியை முறுக்கிப் பார்ப்பது ஒரு காரணம். புது முகம் என்பது காரணமே இல்லை. சரி, அந்தக் குடும்பத்திடம் மூவரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்களா?

எங்கள் வீடுகளைப் பார்க்க மாணவர்களும் கட்டடக் கலைஞர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் படம் எடுக்கிறார்கள்.

மாதத்தில் ஒரு நாள், ஒரே வழி, கூடவே ஒரு வழிகாட்டி. குழந்தைகளையும் வீட்டு உட்புறத்தையும் படம் எடுக்கக்கூடாது என்பதை அனுமதி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மற்ற நாளில் வந்தால் அடுத்த தேதியைச் சொல்லி அனுப்புங்கள். சங்கடப்படத் தேவையில்லை.

நுழைவிடத்தில் வீட்டு எண்ணோடு எல்லார் பெயரும் போட்ட வரைபடப் பலகை இருக்கிறது. புதிதாக வந்த பெண் தன் பெயர் வேண்டாம் என்கிறார். காரணம் சொல்லவில்லை.

இன்றே எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். முன்னாள் கணவனோ, பின்தொடர்கிற வேறு யாரோ இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் பெயர் மட்டும் காலியாக இருந்தால் அதுவே கண்ணை உறுத்தும். அதனால் பலகையில் வீட்டு எண்களை மட்டும் வைத்துவிட்டு, எல்லார் பெயரையும் எடுத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியல் பொது வீட்டுக்குள், வெளியார் போகாத பக்கம் இருக்கட்டும். அதிலும் தன் பெயர் இருக்கலாமா என்று அவரிடம் முதலில் கேளுங்கள். தபால்காரருக்கு எண் போதும்.