மரங்களையே வரையும் மகளை ஓவியம் படிக்க வைக்கலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள், வயல்வெளியும் பூத்த மரங்களும்தான் வரைவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலக்காட்சி ஓவியங்களை விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் எங்குமே குறைவுதான். ஆனால் அந்தக் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. அனிமேஷன் நிறுவனங்களில் பின்னணி ஓவியர் என்றே ஒரு பணி உண்டு. ஒரே சாலையை மழையிலும் வெயிலிலும் பூக்காலத்திலும் நம்பும்படி தீட்டத் தெரிந்தவர்தான் அதற்குத் தேவை. வீடியோ கேம் சூழல் வடிவமைப்பு, சிறுவர் நூல் சித்திரம், ஓவிய ஆசிரியர் பணி எல்லாம் பக்கத்துப் பாதைகள். தாவரவியல் சித்திரத்துக்கு இதழ்களை எண்ணி வரையும் பொறுமையும் கொஞ்சம் தாவரவியலும் வேண்டும். பூங்கா, தோட்டம் போன்ற வெளியிடங்களை வடிவமைக்கும் நிலத்தோற்றக் கட்டடக்கலை மீது ஆசை வந்தால் அது தனிப் பட்டப்படிப்பு. கணிதம் கேட்கும் கல்லூரிகளும் உண்டு என்பதால் அந்தப் பாடத்தை இப்போதே கைவிட வேண்டாம்.

சரி, மகளுக்கு இது தற்காலிக ஆசையா, நிஜமான ஈடுபாடா? அதைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரே மரத்தை ஒரு வருடம் முழுக்க, நேரில் போய் வரையச் சொல்லுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தால் இதில் பயனில்லை. வெளியில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் நிழல் இடம் மாறிவிடும், அதற்குள் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். தொழிலிலும் தினமும் செய்யப்போவது இதைத்தான்.

இலையுதிர்ந்த மொட்டை மரத்திலிருந்து தொடங்குவது நல்லது. கிளைகள் எங்கே பிரிகின்றன என்று அப்போதுதான் தெரியும். பூக்கும்போது பலரும் பூ பூவாக வரைந்து கெடுத்துவிடுகிறார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பூக்கள் தனித்தனியாக இல்லாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். அதே வெள்ளைப் பூ, பிரகாசமான வானத்துக்கு எதிரே சாம்பல் படிந்தும், கரிய அடிமரத்துக்கு முன்னால் பளீரென்றும் இருக்கும். உங்கள் மகள் இதைத் தானாகவே கண்டுபிடித்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான் உழைத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை மட்டும் ஏறக்குறைய 25 ஓவியங்களாகத் தீட்டினார். ஒளி மாற மாற கேன்வாஸையும் மாற்றிக்கொண்டே இருந்தார். டச்சு ஓவியர் வான்கோ 1888 வசந்தத்தில் தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில், பூ உதிர்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு மாத அளவில் 14 பழத்தோட்ட ஓவியங்களை வரைந்தார். ஆனால் அவர் வாங்கிய சில சிவப்புச் சாயங்கள் ஒளி தாங்காதவை. அதனால் அன்று இளஞ்சிவப்பாக இருந்த பூக்களில் சில இன்று வெளுத்துப்போய்விட்டன. வண்ண டியூபின் மேல் ஒளி தாங்கும் தரம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை உங்கள் மகளுக்கு இப்போதே ஏற்படுத்துங்கள். வாங்குபவருக்குக் கொடுக்கும் படம் நிறம் மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா?

வருடக் கடைசியில் சேரும் படங்களிலிருந்து நல்லதாக 15 தேர்ந்தெடுத்தால் அதுவே நுண்கலைக் கல்லூரிக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பின், அதாவது போர்ட்ஃபோலியோவின், முதுகெலும்பு. கூடவே மனித உருவம், பொருள் வரைதல் என்று சிலவும் வேண்டும், மரம் மட்டும் போதாது. அப்புறம், கிறுக்கல் நிறைந்த ஸ்கெட்ச் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாணவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்க, தேர்வாளர்கள் பலர் அதையும் புரட்டிப் பார்ப்பார்கள்.

விண்ணப்பம் போடும் முன் அந்தக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போய் வாருங்கள். வெளியில் போய் வரையும் வகுப்பு உண்டா, டிஜிட்டல் ஓவியம் கற்றுத் தருகிறார்களா, முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அங்கிருக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.