சியாங் மாயில் ஓய்வுக்காலம்: முடங்கிக் கிடக்கும் 8 லட்சம் பாத்தை வெளியே எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63, மனைவிக்கு 60. திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். ஒன்றரை வருடமாக நானும் மனைவியும் தாய்லாந்தின் சியாங் மாயில் வாடகைக்கு இருக்கிறோம். ஊர் பிடித்துப்போய்விட்டது. ஓய்வூதியம் மாதம் 55,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வட்டி வருகிறது. திருச்சி வீட்டின் இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து 18,000 வாடகை. மியூச்சுவல் ஃபண்டில் 60 லட்சம். இங்கே மாதம் 35,000 பாத் செலவாகிறது. விசாவுக்காக என் பெயரில் 8 லட்சம் பாத் போட்டிருக்கிறேன், மனைவி என்னைச் சார்ந்தவராக விசா வைத்திருக்கிறாள். அந்தப் பணம் வட்டியே இல்லாமல் சும்மா கிடக்கிறது. டெபாசிட் இல்லாமலே விசா நீட்டிப்பு வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அவரிடம் கொடுத்துவிட்டு அதை அவசர நிதியாக வைத்துக்கொள்ளலாமா? திருச்சி வீட்டை விற்று இங்கே ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓய்வூதியம், சேமிப்பு, விசா டெபாசிட் எல்லாமே உங்கள் பெயரில் இருக்கின்றன. உங்கள் மனைவி ஒரே ஓர் இடத்தில் வருகிறார், அதுவும் 'சார்ந்தவர்' என்று. நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காத அந்த விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சொல்லக் கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கை வங்கி முடக்கிவிடும். அங்கே உள்ள நீதிமன்றம் சொத்து நிர்வாகி ஒருவரை நியமித்த பிறகுதான் பணம் வெளியே வரும். மனைவியின் விசா உங்கள் விசாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நீங்கள் இல்லையென்றால் அதற்கும் அடிப்படை இல்லை. ஒரே வாரத்தில் கணவரும் இல்லை, கைப்பணமும் இல்லை, தங்கும் அனுமதியும் கேள்விக்குறி. இதே நிலையில் நின்ற ஓர் அம்மாவுக்குக் காகிதம் தயார் செய்ய நான் உதவியிருக்கிறேன். அவருக்கு அந்த ஊர் வங்கியில் கணக்கே கிடையாது, கணவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதும் தெரியாது. உங்கள் மனைவிக்கு அப்படி ஆகக்கூடாது.

வழி இருக்கிறது. ஓய்வு விசாவுக்கு 50 வயது நிறைந்திருந்தால் போதும். உங்கள் மனைவிக்கு 60. அவர் தன் சொந்தத் தகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு அவர் பெயரில் தனியாக 8 லட்சம் பாத் வேண்டும், ரூபாயில் 20 லட்சத்துக்கு மேல் வரும். மியூச்சுவல் ஃபண்டிலிருந்து அதை எடுங்கள். ஒரேயடியாக எடுக்காமல் மார்ச்சுக்கு முன் பாதி, ஏப்ரலுக்குப் பின் பாதி என்று எடுத்தால் பங்கு சார்ந்த ஃபண்டில் நீண்டகால ஆதாயத்துக்கான 1.25 லட்சம் ரூபாய் விலக்கை இரண்டு நிதியாண்டிலும் பயன்படுத்தலாம். வட்டி பெரிதாக வராது, உண்மைதான். ஆனால் தாய்லாந்தில் வைப்புத்தொகைக் காப்பு ஒரு வங்கிக்கு 10 லட்சம் பாத் வரை உண்டு, அவரவர் 8 லட்சமும் அதற்குள் அடங்கிவிடும். இருவரில் யார் தனியாக நின்றாலும் விசாவும் கையில் பணமும் இருக்கும். இந்த நிம்மதிக்கு வட்டியை விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

அதோடு இரண்டு பேரும் தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதுங்கள். தேதியிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவரே சாட்சியாக இருக்கக் கூடாது. இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று: இந்தியாவில் எழுதும் உயிலில் 'இதற்கு முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று வழக்கமான ஒரு வரி வரும். அந்த ஒரு வரி தாய்லாந்து உயிலையும் சேர்த்து அடித்துவிடும். இந்திய உயில் இந்தியச் சொத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்போது ஏஜென்ட். வேண்டாம். டெபாசிட் இல்லாமல் நீட்டிப்பு என்றால் யாருடைய பணத்தையோ சில நாள் உங்கள் கணக்கில் காட்டுவது, அல்லது அதைவிட மோசமான ஒன்று. பொய்க் கணக்கு காட்டி வாங்கிய அனுமதியை எந்த நாளும் ரத்து செய்யலாம், அப்போது நாட்டை விட்டுப் போக வேண்டியவர் ஏஜென்ட் இல்லை. மாதம் 65,000 பாத் வருமானம் காட்டும் மாற்று வழியும் உங்களுக்கு ஒத்துவராது, உங்கள் ஓய்வூதியம் அதில் பாதிகூட எட்டாது.

அந்த 8 லட்சம் அவசர நிதி ஆகுமா என்றால், அரைகுறையாகத்தான் ஆகும். விதி இதுதான்: விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், நீட்டிப்பு கிடைத்த பின் மூன்று மாதம் முழு 8 லட்சமும் இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது வருடத்தில் ஏழு மாதம் மட்டும், அதிலும் பாதியை மட்டும் தொடலாம். நெஞ்சுவலி மாதம் பார்த்து வருவதில்லை. அதனால் மருத்துவத்துக்கு என்று தனியாக 15 லட்சம் ரூபாய் அளவுக்கு ஒதுக்குங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு சியாங் மாயில், விசா டெபாசிட் இல்லாத வேறு கணக்கில், உங்கள் மனைவியே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். உங்களிடம் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களுக்கான ஆர்.இ.எல்.எச்.எஸ். மருத்துவ அட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். பொன்மலை ரயில்வே மருத்துவமனை உங்களுக்குப் பழகிய இடமாகவும் இருக்கும். கண்புரை, முழங்கால் போல நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை எல்லாவற்றுக்கும் திருச்சிக்கே வாருங்கள். தாய்லாந்தில் மருத்துவக் காப்பீடு எடுப்பதானால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன விலக்கு, 70 வயதுக்குப் பிறகு பிரீமியம் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு முடிவெடுங்கள்.

இதையொட்டி ஒரு சின்ன விஷயம். தாய்லாந்தை விட்டுக் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்ப நுழைவதற்கான அனுமதி) வாங்காவிட்டால் ஆண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே போய்விடும். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. அண்ணன் தவறிவிட்டார் என்று நள்ளிரவில் போன் வந்து ஓடும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பு வாங்கும்போதே இருவருக்கும் பலமுறை பெர்மிட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.

சரி, இந்தியப் பக்கம் வருவோம். ஓய்வூதியமும் வட்டியும் எந்தக் கணக்கில் விழுகின்றன என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சேமிப்புக் கணக்கிலேயே என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காலவரையறை இல்லாமல் வெளிநாட்டில் தங்கப் போனவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர். கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும், மனைவியையும் கூட்டாகச் சேர்க்க வேண்டும். ஃபண்ட் நிறுவனங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஆடிட்டர் சான்றிதழுடன் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்பதால் பணம் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாகக் கணக்கு தொடங்க முடியாது. இப்போதைய கணக்கு முடிந்ததும் அந்த 8.2 சதவீதம் இனி வராது என்று வைத்தே திட்டமிடுங்கள்.

வரியில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. உங்கள் ஆண்டு வருமானம் சுமார் 11.22 லட்சம். இந்தியாவில் வசித்திருந்தால் 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் தள்ளுபடி கிடைத்து வரி ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருக்கும் உங்களுக்கு, நிலையான கழிவு 75,000, வாடகையில் 30 சதவீதக் கழிவு எல்லாம் போக, சுமார் 40 ஆயிரம் ரூபாய் வரி வரும். அதோடு உங்கள் குடித்தனக்காரர் வாடகையில் 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். பாவம், அவருக்கு இது தெரிந்திருக்காது. நீங்களே கூப்பிட்டுச் சொல்லி, ஓர் ஆடிட்டரிடம் அறிமுகப்படுத்தி வையுங்கள். அதிகமாகப் பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

தாய்லாந்திலும் ஆண்டுக்கு 180 நாள் இருந்தால் நீங்கள் அங்கே வரிக் குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது அங்கே வரிக் கணக்கில் சேரும். அதற்கு முன் ஈட்டிய சேமிப்பு சேராது. ஆகவே 31.12.2023 அன்று உங்கள் கணக்குகளிலும் ஃபண்டுகளிலும் இருந்த தொகைக்கான அறிக்கைகளை இப்போதே எடுத்து வையுங்கள். இரு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. எந்த வருமானத்துக்கு எங்கே வரி என்பதை அங்குள்ள வரி ஆலோசகரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மாதச் செலவு எனக்கு இறுக்கமாகவே தெரிகிறது. மாத வருமானம் 93,500 ரூபாய், 35,000 பாத் செலவு அதில் ஏறக்குறைய முழுவதையும் விழுங்குகிறது. 2015-ல் ஒரு பாத் இரண்டு ரூபாய்க்கும் கீழே இருந்தது, இப்போது இரண்டரைக்கு மேல். உங்கள் அகவிலை நிவாரணம் இந்திய விலைவாசியைப் பார்த்து உயரும், சியாங் மாய் வாடகையைப் பார்த்து உயராது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: நீங்கள் இல்லாத காலத்தில் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை இதே அளவில் வரலாம், அதன் பிறகு சுமார் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். மனைவி மட்டும் தனியாக வாழ மாதம் எவ்வளவு ஆகும் என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போட்டவர்கள் குறைவு.

காண்டோவுக்கு வருகிறேன். வெளிநாட்டவர் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை சொந்தமாக வாங்கலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் திருச்சி வீட்டை விற்று வாங்காதீர்கள். மனைவி ஒருநாள் ஊர் திரும்ப நினைத்தால் போய் இறங்க அந்த வீடுதான் இருக்கிறது. வேறு காரணமும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காடு எரியும் புகை சியாங் மாயை எப்படி மூடுகிறது என்று நீங்களே ஒருமுறை பார்த்திருப்பீர்கள். 70 வயதுக்கு மேல் அந்தப் புகையில் மூச்சு விடுவது கஷ்டம். வாடகை வீடு என்றால் பூட்டிவிட்டு வரலாம், பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் தெற்கே கடலோரம் மாறிவிடலாம். திருச்சியில் ஒரு போர்ஷன் காலியானதும் அதை மறுபடி வாடகைக்கு விடாமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பாதியாகக் குறையும், பரவாயில்லை. புகை மாதங்களில் வந்து தங்கவும், பொன்மலையில் உடம்பைக் காட்டிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும். நவம்பர் மாத ஆயுள் சான்றிதழுக்காக மட்டும் பயணம் செய்ய வேண்டியதில்லை, சியாங் மாயிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

அடுத்த நீட்டிப்புத் தேதி எப்போது என்று பாருங்கள். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே மனைவியை வங்கிக்கு அழைத்துப் போய் அவர் பெயரில் கணக்கு தொடங்குங்கள், இரண்டு மாதம் முன்பே பணம் அதில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.